ஜட்கா ஓடிய தெருக்கள்

பள்ளத்தூரின் பழைய வீடுகள் சிலவற்றுக்கு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். பர்மா, இலங்கை, மலாயா எனக் கடல் கடந்து வணிகம் செய்த நகரத்தார் கட்டியவை அவை. பர்மாத் தேக்கே அவற்றின் தூண்களாயிற்று. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அச்செல்வத்தின் பெரும்பகுதி அங்கேயே நின்றுபோனது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. மாளிகைகளுக்கு இவ்வாறு ஏடு உண்டு. அவற்றின் வாசலில் வண்டி நிறுத்திக் காத்திருந்தவர்களுக்கு ஏடு இல்லை.

தமிழகத்தில் ஜட்கா ஓட்டிப் பிழைத்தவர்களுள் நம் சமுதாயத்தார் பலர். வண்டிக்கு இரண்டே சக்கரம். பாரம் முன்னும் பின்னும் ஒத்திருந்தால்தான் குதிரைக்கு வலியில்லை. ஆகவே, "சற்று முன்னே தள்ளி உட்காருங்கள்" என்று வண்டிக்காரர் வேண்டுவது வழக்கம். புல்லைப் பரப்பி மேலே சாக்கு விரித்த இருக்கையில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய தாய்மார் அமர்ந்து சென்றனர். கொள்ளுக்கும் லாடத்துக்கும் போக எஞ்சியதே வண்டிக்காரர் வீட்டு அடுப்புக்கு.

அக்கால உடையை எண்ணி நாம் ஏங்குகிறோம். அந்த உடையும் ஒரு நாள் புதிதாக வந்ததுதான். பெருநாளில் நம் முன்னோர் பெருமையுடன் அணிந்த குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி துருக்கியிலிருந்து வந்தது. துருக்கியே 1925இல் அதைச் சட்டமியற்றித் தடுத்தது. நம் கைலியை மலாய் மக்கள் 'காயின் பெலிக்காட்' என்பர். அப்பெயரில் நம் பழவேற்காடு இருக்கிறது. தேக்கைப் போலவே உடையும் கடல்வழியே போய் வந்தது.

திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம், 8ஆம் வசனம், ஏறிச் செல்லவும் அலங்காரமாகவும் அமைந்த குதிரை முதலியவற்றைக் கூறியபின், நாம் அறியாதவற்றையும் இறைவன் படைப்பதாகச் சொல்கிறது. ஆகவே பேருந்தும் ஆட்டோவும் வந்ததில் நமக்கு வருத்தமில்லை. உழைத்தவர்களின் பெயர் மறைவதில்தான் வருத்தம்.

ஜட்காவில் ஏறியவர்களும் அதை ஓட்டியவர்களின் மக்களும் இன்று முதுமையில் இருக்கின்றனர். வண்டி எங்கே நின்றது, குதிரையை எங்கே கட்டினார்கள், கூலி என்ன, துப்பட்டியை யார் நெய்தார்கள் என நம் பிள்ளைகள் அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கட்டும். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.