கணினியா, கைத்திறனா? – சிப்பாங் தடம் சொல்லும் வரலாறு



சிப்பாங்கில் மோட்டோஜிபி பந்தயம் நெருங்கும் வாரங்களில் பாகான் டாலாம் பிள்ளைகளிடையே ஒரு வாதம் எழுவதுண்டு. இன்றைய வீரர்களுக்குக் கணினியே வெற்றி தேடித் தருகிறது. திறமையெல்லாம் பழைய வீரர்களோடு போயிற்று என்பர் சிலர். பெற்றோரும் இதனைக் கேட்டிருப்பீர்கள். வரலாறு அத்தனை எளிதாகத் தீர்ப்பு வழங்குவதில்லை.

2001 வரை முதன்மைப் பிரிவில் ஓடியவை 500 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றின் ஆற்றல் சீராக எழாது; திடீரெனப் பாயும். வளைவில் முடுக்கியைச் சற்றே மிகையாகத் திருகினால் பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும். மறுகணம் தரையைப் பற்றிக்கொண்டு, மேலிருப்பவரைக் காற்றில் தூக்கி எறியும். அதனைத் தடுக்க வீரரின் வலக்கை மணிக்கட்டைத் தவிர வேறு கருவி இல்லை. ஆஸ்திரேலியரான மிக் டூஹன் 1992இல் ஆசென் தடத்தில் விழுந்து, காலையே இழக்கும் நிலைக்குச் சென்று மீண்டார். பின்னர் 1994 முதல் 1998 வரை ஐந்து முறை உலக வாகை சூடினார். 1993இல் மிசானோவில் விழுந்த வெய்ன் ரெய்னியோ அதன்பின் நடக்கவே இயலவில்லை. பழம்பெருமை பேசுவோர் இந்த விலையையும் சேர்த்துப் பேசுதல் நன்று.

2002இல் 990 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. அவற்றோடு மின்னணுக் கருவிகளும் ஆண்டுக்காண்டு பெருகின. முன்சக்கரமும் பின்சக்கரமும் சுழலும் வேகத்தை உணரிகள் ஒப்பிடும். வண்டி எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதை வேறோர் உணரி அளக்கும். பின்சக்கரம் மிகையாகச் சுழன்றால், வீரர் உணருமுன்னரே கணினி பொறியின் ஆற்றலைக் குறைத்துவிடும்.

2007இல் பொறியின் கொள்ளளவு 800 சிசியாகக் குறைந்தது. அவ்வாண்டு டுகாட்டி வண்டியில் 21 வயது கேசி ஸ்டோனர் பத்துப் பந்தயங்களை வென்று வாகை சூடினார். சிப்பாங்கிலும் அவரே முதல்வர். "எல்லாம் டுகாட்டியின் மின்னணு வித்தை" என்றனர் பலர். அப்படியாயின், அதே அணியில் அதே வகை வண்டியை ஓட்டிய லோரிஸ் கப்பிரோசி ஏழாம் இடத்தில் நின்றதேன்? 2011, 2012 ஆண்டுகளில் டுகாட்டியில் ஏறிய வலன்டினோ ரோஸியாலேயே ஒரு பந்தயமும் வெல்ல முடியவில்லையே! வியப்பு என்னவெனில், இக்கருவிகள் மிகுவதைக் கடிந்து பேசியவர்களுள் ஸ்டோனரும் ஒருவர்.

2016இல் எல்லா அணிகளுக்கும் ஒரே கணினி, ஒரே மென்பொருள் என விதி வந்தது. கருவிகள் நீக்கப்படவில்லை, சமப்படுத்தப்பட்டன. அவ்வாண்டு முதன்மைப் பிரிவில் ஒன்பது வெவ்வேறு வீரர்கள் வென்றனர். ஒன்பதாமவரான அந்திரேயா டோவிசியோசோ வென்றது நம் சிப்பாங்கில், மழையில். வண்டியின் மென்பொருளை விதியே சமப்படுத்திவிட்டதால், அணிகளின் பணபலம் அப்பக்கத்தில் முன்போல் செல்லுபடியாகவில்லை. அதே 2016இல், சிறிய பிரிவான மோட்டோ3இல், 17 வயது கைருல் இட்ஹாம் பாவி அர்ஜென்டினாவின் ஈரத் தடத்தில் 26 வினாடி முன்னிலையில் வென்றார். உலகப் பந்தயமொன்றை வென்ற முதல் மலேசியர் அவர். மழையில் அந்த மென்மையான கையைக் கண்டவர், திறமை போயிற்று எனச் சொல்லத் துணியார்.

பிள்ளைகளிடம் நான் இன்னொன்றும் சொல்வதுண்டு. சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கை மோட்டோஜிபி விதிகள் அனுமதிப்பதில்லை. 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திலிருந்து வண்டியை அடக்குவது வீரரின் விரல்களே. தொலைக்காட்சியில் முழங்கால் தரையைத் தொடச் சாய்வது தெரிகிறது. உணரிகளும் தெரிவதில்லை, அந்த விரல்களுக்குப் பின்னுள்ள பல்லாண்டுப் பயிற்சியும் தெரிவதில்லை. நம் பழைய மாணாக்கர் பதினாறு வயதில் பி2 உரிமம் பெற்று ஏறும் கப்சாய்களில் பெரும்பாலானவற்றில் ஏபிஎஸ் இல்லை. வழுக்கலை உணரும் கருவியும் இல்லை. பட்டர்வொர்த் சாலையில் மழை பெய்தால் அவர்களிடம் இருப்பது, டூஹனிடம் இருந்த அதே வலக்கை மணிக்கட்டுதான். டூஹனின் பயிற்சி இல்லை.