தந்தை பதியாத பெயர்

அமெரிக்காவில் வாழும் நண்பரொருவர் தம் மகனின் கல்லூரி நிதியுதவிப் படிவத்தைப் பற்றி ஒருமுறை எனக்கு எழுதியிருந்தார். படைச்சேவைக்குப் பெயர் பதிந்தாயிற்றா என்று அதில் ஒரு கேள்வி. 1980 இல் அங்கு மீண்டும் தொடங்கிய இப்பதிவை 1982 ஆம் ஆண்டுச் சட்டமொன்று மாணவர் நிதியுதவியுடன் பிணைத்தது. பதியாத இளைஞனுக்கு மத்திய அரசின் உதவி இல்லை. 1984 இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டமே அந்த முடிச்சை அவிழ்த்தது.

கடிதத்தைப் படித்தபோது என் நினைவு டிக்கோயாவுக்குச் சென்றது. 1985 இல் அங்கு ஒரு லயத்தில் சந்தித்த மாணவர், உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தார். ஏழை மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் 1981 முதல் நடைமுறையில் இருந்தது. ஆனால் பல்கலைக்கழகப் படிவம் முதலில் இலங்கைப் பிரசையா என்று கேட்டது. அவர் எந்த நாட்டின் பிரசையும் அல்லர்.

காரணம் அவர் பிறப்பதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. 1947 தேர்தலில் மலையக மக்கள் வாக்களித்து இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேரை நாடாளுமன்றம் அனுப்பினர். மறு ஆண்டே வந்த 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவரிடம் அத்தகைய காகிதம் ஏது?

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. 1946 ஜனவரி 1 க்கு முன் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு அவகாசம். கெடு 1951 ஆகஸ்ட் 5. காங்கிரஸ் முதலில் இதைப் பகிஷ்கரித்தது. இறுதிக்கட்டத்தில்தான் விண்ணப்பிக்கும்படி மக்களைக் கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பிரசாவுரிமை கிட்டியதோ சுமார் 1,34,000 பேருக்கு மட்டுமே.

எஞ்சியோரை 1964 அக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. விடுபட்ட 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

அம்மாணவரின் தந்தை எதற்கும் விண்ணப்பித்தவர் அல்லர். அதிகாலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தவர். செக்ரோலில் அவர் பெயர் நாள் தவறாமல் விழுந்தது. அரசின் ஏட்டில்தான் அது இல்லை. அம்மாணவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, எங்கப்பா ஒரு காகிதத்துல பேரு எழுதாம விட்டாரு. அதுக்கு நான் என்ன செய்யிறது?" என்னிடம் பதில் இருக்கவில்லை.

1945 இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வியை நாடே கொண்டாடியபோது, தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் பொறுப்பில் வெளியே நின்றன. 1970 களில்தான் அரசு அவற்றைக் கையேற்கத் தொடங்கியது. அப்படித் தாமதமாகத் திறந்த வாசலைக் கடந்து உயர்தரம் வரை வந்த பிள்ளைக்கு எதிரே மீண்டும் ஒரு ஏடு நின்றது.

நியாயமோ அநியாயமோ, அமெரிக்க இளைஞன் 26 வயது ஆகும்வரை கையொப்பமிட்டுத் தன் நிலையைத் திருத்திக்கொள்ளலாம். டிக்கோயா மாணவருக்குக் கையொப்பமிட ஓர் இடமும் இருக்கவில்லை. அவருக்கான கதவு 1951 இலேயே அடைபட்டுவிட்டது.

1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டத்தின் பின் அவர் இலங்கைப் பிரசையானார். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 முதல் இங்கு நிலையாக வாழ்ந்த எஞ்சியோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை தந்தது. சட்டப்படி கணக்கு தீர்ந்தது. ஆனால் அவர் பல்கலைக்கழகத்துக்குச் செல்லவில்லை. குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு அதற்குள் அவர் தோளில் ஏறியிருந்தது.

எந்த அரசும் கல்வியுதவியை ஒரு பதிவேட்டுடன் பிணைக்குமுன் ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: பெயர் விடுபட்டால் தண்டம் கட்டுபவர் யார்? மலையகத்தில் அதைக் கட்டியவர்கள், விண்ணப்பக் கெடு முடிந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள்.