காலும் அரையும் முக்காலும்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு விபத்து அறிக்கை எழுதினேன். பம்ப் நின்றது, வால்வு மூடப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இரண்டுமே சாதாரண இறந்தகாலம், நடுவில் ஒரு கமா. மேலதிகாரி வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். எது முதலில் நடந்தது? வால்வை மூடியதால் பம்ப் நின்றதா, பம்ப் நின்ற பிறகு யாராவது வால்வை மூடினார்களா? நான் எழுதாமல் விட்ட ஒரு 'ஹேட்'டில்தான் பழி யாருக்கு என்பது இருந்தது.

மூச்சு வாங்கும் இடத்தில் கமா போடு என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் லிண்ட்லி மரே வந்து நிற்கிறார். அமெரிக்காவில் வக்கீலாக இருந்து இங்கிலாந்தின் யார்க் பக்கம் குடியேறியவர். 1795-இல் வந்த அவருடைய ஆங்கில இலக்கணம் பள்ளிக்கூடங்களை நெடுங்காலம் ஆண்டது. அதில் கமாவுக்கு மிகச் சிறிய நிறுத்தம். அரைப்புள்ளிக்கு அதில் இருமடங்கு. முக்காற்புள்ளிக்கு அதிலும் இருமடங்கு. முற்றுப்புள்ளிக்கு மறுபடி இருமடங்கு. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. பைனரி பார்த்துப் பழகிய கண்ணுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

தமிழ் வகுப்பில் கேட்ட கணக்கு வேறு. ஒரு மாத்திரை, இரண்டு, மூன்று, நான்கு. கால், அரை, முக்கால் என்று பெயரிலேயே கணக்கு இருக்கிறது. வெளியூர்ச் சரக்கை வாங்கி நம் வாய்பாட்டில் அளந்துவிட்டார்கள்.

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். செய்யுளுக்கு யாப்பு போதும். அச்சும் உரைநடையும் வந்த பிறகுதான் குறிகளுக்கு வேலை. தமிழ் உரைநடையில் அவற்றை ஒழுங்காகப் புழங்கிய பெருமையை ஆறுமுக நாவலருக்குக் கொடுக்கிறோம். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் ஆங்கிலம் கற்றவர், பீட்டர் பெர்சிவலோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1849-இல் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கினார். மிஷனரிகளுக்கு எதிராக அத்தனை எழுதியவர், அவர்கள் கொண்டுவந்த புள்ளிகளை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை!

ஆனால், அதுவரை தமிழ் எப்படிச் சமாளித்தது? 'எழுந்து குளித்து சாப்பிட்டு வேலைக்குப் போனேன்.' கடைசி வினையை 'போவேன்' என்று மாற்றினால் மொத்த வரிசையும் நாளைக்குப் போய்விடும். காலத்தைச் சொல்கிற வினைமுற்று வந்ததுமே வாக்கியம் முடிந்தது என்று காதுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் வினை நடுவில் உட்கார்ந்திருக்கிறது; முடிவைக் கண்ணுக்குக் காட்டத் தனியாக ஒரு புள்ளி வேண்டும். இன்றைய ஆங்கிலம் மரேயின் மூச்சுக் கணக்கையும் விட்டுவிட்டது. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டினால் தப்பு. மலாயிலோ 'மக்கான்' அசையவே அசையாது. முன்னால் 'சுடா' போட்டால் முடிந்தது, 'அக்கான்' போட்டால் இனிமேல்.

2003-இல் நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறிய முதல் செட் நாங்கள்தான். இந்த மூன்று ஒழுங்கும் ஒரே தலைக்குள் ஏறின. எது எங்கே முடிகிறது என்று மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

அறிக்கையை மூன்றாவது முறை எழுதும்போது கமாவை எடுத்து, இரண்டு வாக்கியமாக வெட்டினேன். வால்வு முன்னாடியே மூடப்பட்டிருந்தது என்று 'ஹேட் பீன்' போட்டேன். மேலதிகாரி ஒன்றும் சொல்லாமல் கையெழுத்து போட்டார். அந்த ஷிஃப்டில் இருந்த அண்ணனுக்கு மதியமே ஷோ காஸ் லெட்டர் போனது.