கோயில் யானையும் காட்டு யானையும்: ஸ்ரீவில்லிபுத்தூரை முன்வைத்து ஓர் அறவியல் ஆய்வு

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு காரணங்களுக்காகப் பேசப்பட்டது. சாம்பல்நிற அணில் சரணாலயமும் மேகமலையும் இணைந்து, ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர் பரப்பில், தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. அதே மாதம், தேக்கம்பட்டி புத்துணர்வு முகாமில் ஆண்டாள் கோயில் யானை ஜெயமால்யதாவைப் பாகனும் உதவியாளரும் கம்பால் அடிக்கும் காணொளி வெளியானது. இருவரும் கைது செய்யப்பட்டனர். ஒரே மலையடிவாரத்தில் காட்டில் வாழும் யானைக்கும் கோயிலில் வாழும் யானைக்கும் இருவேறு நீதி நிலவுவதை இவ்விரண்டும் காட்டுகின்றன. காட்சிக்காகவும் சடங்குக்காகவும் யானையைச் சிறைப்படுத்துவது, பாகன் நல்லவராக இருந்தாலும் அறத்துக்குப் புறம்பானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அடித்தவரைத் தண்டித்ததோடு சிக்கல் தீர்ந்ததாகக் கொள்வது பிழை. பெண் யானை தாய்வழிக் கூட்டத்தில் பிறந்து, பெரும்பாலும் ஆயுள் முழுதும் அதிலேயே வாழ்வது. நாளின் பெரும்பகுதியை நடந்து மேய்வதில் கழிப்பது. அசாமிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தனியே வாழும் ஜெயமால்யதாவுக்குக் கூட்டமும் இல்லை, காடும் இல்லை. கல்தரையில் நீண்ட நேரம் நிற்பது பாதங்களைக் கெடுக்கிறது. பல மடங்கு வலிமையுள்ள விலங்கை ஒருவர் அடக்கியாள வேண்டுமானால், அங்குசமும் சங்கிலியும் அவை விளைக்கும் அச்சமும் தேவைப்படுகின்றன. ஆகவே வன்முறை இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதன் விலையைப் பாகர்களும் தருகிறார்கள். 2024 நவம்பரில் திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை தாக்கிப் பாகனும் அவருடைய உறவினரும் உயிரிழந்தனர்.

சட்டம் இங்கே தடுமாறுகிறது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்துவதற்கு விதிக்கப்பட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதிசெய்தது. அப்பட்டியலில் யானை இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் யானையை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமோ, உரிமைச் சான்றுள்ள வளர்ப்பு யானையைச் சமயப் பணிக்கோ வேறு எந்த நோக்கத்துக்குமோ மாற்றிக்கொடுக்க வழிவிடுகிறது. ‘வேறு எந்த நோக்கம்’ என்று எழுதிய பிறகு, பாதுகாப்பில் மிஞ்சுவது சொற்பமே. அவ்வாண்டு செப்டம்பரில் ஜெயமால்யதாவைத் திரும்ப அழைத்துச்செல்ல அசாம் அரசு குழு அனுப்பியபோது, விவாதம் யானை யாருக்குச் சொந்தம் என்பதில் போய் நின்றது. அதற்கு எது நல்லது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

மரபை முன்வைக்கும் மறுப்பை எளிதாக ஒதுக்க முடியாது. ஆண்டாள் தம் திருமணக் கனவில் ஆயிரம் யானைகள் சூழ வரும் நம்பியைப் பாடியவர். அவர் ஊரில் யானையின்றி விழாவா என்ற ஏக்கம் உண்மையானது. ஆனால் கனவில் வந்த பெருமிதம், நாணயத்துக்குத் துதிக்கை தூக்கிப் பழக்கப்பட்ட ஓர் உயிரிடம் இல்லை. திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில் 2023இல் இயந்திர யானையை ஏற்றது. பக்தி அங்கே குறைந்துவிடவில்லை.

‘வளர்ப்பு யானையைக் காட்டில் விட்டால் பிழைக்காது’ என்பது இரண்டாவது மறுப்பு. பெரும்பாலான யானைகளுக்கு இது பொருந்தும். எனினும் சங்கிலிக்கும் அடர்காட்டுக்கும் நடுவே மறுவாழ்வு மையம் என்ற வழி இருக்கிறது. திருச்சி எம்.ஆர்.பாளையத்தில் அத்தகைய மையம் இயங்குகிறது. விருதுநகர் மாவட்டத்தில் தனியார் வளர்த்த முதிய யானை லலிதாவின் வழக்கில், கோயில்கள் இனி யானைகளை வாங்கக் கூடாதென அறிவுறுத்துமாறு 2023இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. இருக்கும் யானைகளை அரசு மையங்களுக்கு மாற்றுவது குறித்தும் அது சிந்திக்கச் சொன்னது.

இராஜபாளையத்துத் தென்னந்தோப்புகளிலும் மாந்தோப்புகளிலும் காட்டு யானை இறங்கிச் சேதம் செய்தாலும், அதற்கு வாழும் உரிமை உண்டென ஏற்கிறோம். அந்த உரிமை கோயில் வாசலில் முடிந்துபோக நியாயமில்லை. புதிய யானைகளைப் பெறுவதை முற்றாக நிறுத்த வேண்டும். இருப்பவற்றைக் கூட்டமாக வாழும் மையங்களுக்கு அனுப்ப வேண்டும். பாகர்களுக்கு அங்கேயே அரசுப் பணி தர வேண்டும். இதில் முதல் அடியை அறநிலையத்துறை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தே எடுத்துவைக்கட்டும்.