கடலுக்கு அடியில் 'கரும்புகை'... படம்பிடித்த பள்ளிக்கரணை டீம்!

அடையாறிலிருந்து வேளச்சேரி தாண்டினா பள்ளிக்கரணை. அங்கே இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து 2024 டிசம்பரில் ஒரு வேலை பண்ணாங்க. இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் இருக்கும் வெந்நீர் ஊற்றை, ஆளில்லா நீர்மூழ்கியால் படம்பிடிச்சாங்க.

அதென்ன ஊற்று?

கடல்தரை விரிசலில் இறங்கும் தண்ணீர், அடியிலுள்ள மாக்மாவால் சூடாகி, பாறையின் உலோகங்களைக் கரைச்சுக்கிட்டு மேலே பீறிடும். சில ஊற்றுகளில் 400 டிகிரி செல்சியஸைத் தொடும். ஆனாலும் கொதிக்காது! குக்கருக்குள் அழுத்தம் ஏறினா தண்ணி 100 டிகிரியைத் தாண்டுதே, அதே கதைதான். 4,500 மீட்டரில் அழுத்தம், மெரினா கரையைவிட சுமார் 450 மடங்கு. குளிர்ந்த கடல்நீர் பட்டதும் உலோக சல்ஃபைடுகள் துகளாகி, கரும்புகை மாதிரி தெரியும்.

வெயிலே எட்டாத இடம். ஆனாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து ஆற்றல் எடுக்கும் பாக்டீரியாக்களை நம்பி புழு, சிப்பி, இறால் எல்லாம் வாழுது. பூமியில் உயிர் இப்படித்தான் தொடங்கியதான்னு பார்க்க, ஆய்வகங்களில் குட்டி ஊற்றுகளையே உருவாக்குறாங்க.

சிக்கல் என்னன்னா, அங்கே படியுற செம்பும் துத்தநாகமும் நமக்குத் தேவை. தோண்டினா அந்த உயிர்கள் காலி. 2016-ல் இந்தியா சர்வதேச கடல்தரை ஆணையத்துடன் போட்ட ஒப்பந்தம் 10,000 சதுர கிலோமீட்டரில் தேடிப் பார்க்கத்தான். வெட்டி எடுக்க இல்லை. அதுக்குள்ளே அங்கே யார் யார் குடியிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கணும், மக்களே!