மெர்சென் துறவியின் 67

சதுரங்கத்தின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று கேட்டு அரசனைத் திணறடித்தவன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். 64 கட்டத்தோடு நிற்காமல் இன்னும் மூன்று கட்டம் சேர்த்தால் மொத்த நெல் எவ்வளவு? 147573952589676412927. அதாவது 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்த எண், 21 இலக்கம்.

மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி பாரீஸில் இருந்தபடி தெக்கார்த், ஃபெர்மா போன்ற அறிஞர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். 1644இல் வெளியிட்ட நூலில், இந்த வகையில் 257 வரை பகா எண் தருபவை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 மட்டுமே என்று எழுதினார். பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதது. நிரூபணம் எதுவும் அவர் தரவில்லை.

1876இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 67 தவறு என்று காட்டினார். ஆனால் அவருடைய முறை, அந்த எண் உடையும் என்று சொல்லிற்றே தவிர எங்கே உடையும் என்று சொல்லவில்லை.

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். பிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் கரும்பலகையில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கிக் காட்டினார். விடை மேலே சொன்ன அதே எண். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்றும், இதற்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று பிறகு சொன்னார் என்றும் பெல் என்ற கணித நூலாசிரியர் எழுதியிருக்கிறார்.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் பெருக்கல் கணக்கு முடிந்ததும் 'ப்ரேவ் பார் நேஃப்' போட்டாக வேண்டும், ஒன்பதால் சரிபார்ப்பது. கோலின் கணக்கிலும் போட்டுப் பார்த்தேன். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37, அதைக் கூட்டினால் 10, பிறகு 1. இரண்டாவது 64, அதுவும் 10, பிறகு 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. விடையின் கூட்டல் 109. அதுவும் 10 ஆகி 1இல் வந்து நிற்கிறது.

ஆனால் இந்தச் சோதனையை முழுக்க நம்பக் கூடாது. பேரேடு எழுதிய குமாஸ்தாக்களுக்கு இது தெரியும்: 67ஐ 76 என்று மாற்றி எழுதினால் வித்தியாசம் 9, ஒன்பதின் சோதனை அதைக் கண்டுபிடிக்காது. வரிவரியாகப் பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.

மெர்சென் பெரிய மனிதர்தான். அவர் எழுதிய 67 தவறு என்று தெரிய 232 ஆண்டு ஆயிற்று. அது எங்கே உடைகிறது என்று தெரிய இன்னும் 27 ஆண்டு. அலுவலகத்திலும் மேலதிகாரி கையெழுத்திட்ட தொகையை யாரும் மறுபடி கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டிப் பார்ப்பவர் ஒருவர் எங்காவது இருந்தால்தான் கணக்கு கணக்காக இருக்கும்.

பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து இதைப் பெருக்கச் சொல்லுங்கள்.