சசிகுமாரின் தோள்: 1998 டைகர் கிண்ணமும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரும்

ஆர். சசிகுமார் சிங்கப்பூர் தேசியக் கால்பந்து அணியின் முன்னாள் நடுத் தற்காப்பு ஆட்டக்காரர் ஆவார். 1998 செப்டம்பர் 5 அன்று வியட்நாம் தலைநகர் ஹனோயில் நடந்த டைகர் கிண்ண இறுதி ஆட்டத்தில் இவர் அடித்த ஒரே கோலால் சிங்கப்பூர் வென்றது. சிங்கப்பூர் தேசிய அணி அனைத்துலகப் போட்டி ஒன்றில் பெற்ற முதல் பட்டம் அது. பந்து தலையில் படாமல் தோளில் பட்டு உள்ளே சென்றதால், 1986 உலகக் கோப்பையில் மாரடோனா அடித்த ‘கடவுளின் கை’ கோலுக்கு இணையாக இதனை ‘கடவுளின் தோள்’ என்று சிங்கப்பூரில் வேடிக்கையாகக் குறிப்பிடுவர்.

தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை எதிரணியைக் கோல் அடிக்கவிடாமல் தடுப்பது. அவ்வாறு தடுக்கப்பட்ட கோல்கள் எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. சசிகுமாரின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவர் தடுத்த கோல்கள் அல்ல, அடித்த ஒரு கோல். ஆனால் அந்தக் கோல் ஏன் கிண்ணத்தை வெல்லப் போதுமானதாக இருந்தது என்பதை அறிய, அந்தப் போட்டி முழுவதையும் பார்க்க வேண்டும்.

மலாயாவில் தமிழரும் கால்பந்தும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தமிழ்நாட்டிலிருந்து பெரும் எண்ணிக்கையில் மக்கள் மலாயாவுக்குச் சென்றனர். தஞ்சாவூர், திருச்சி, சேலம் மாவட்டங்களுடன், இன்றைய திருவண்ணாமலை மாவட்டப் பகுதிகளை உள்ளடக்கியிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் பலர் கப்பலேறினர். இவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்தனர். மற்றவர்கள் ரயில்வே, துறைமுகம், பொதுப்பணித்துறை ஆகியவற்றில் சேர்ந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் பள்ளிகளிலும் தோட்டங்களிலும் அரசுத் துறைகளிலும் கால்பந்து பரவியது. சிங்கப்பூரில் ஒவ்வொரு சமூகமும் தனக்கென மன்றங்களை அமைத்துக்கொண்டது. 1923-ல் சிங்கப்பூர் இந்தியர் சங்கமும், 1928-ல் சிலோன் விளையாட்டு மன்றமும் தொடங்கப்பட்டன. பாலஸ்டியர் சாலை வட்டாரத்தில் இம்மன்றங்களின் திடல்கள் இருந்தன.

1921-ல் ‘மலாயா’ என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் பரிசாக அளித்த கிண்ணத்துக்காக மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கியது. முதல் இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூர் 2–1 என்ற கணக்கில் சிலாங்கூரை வென்றது. பின்னாளில் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறிய இப்போட்டியே பல பத்தாண்டுகள் சிங்கப்பூர் ரசிகர்களின் உயிர்நாடியாக இருந்தது.

இந்த மரபிலிருந்து தமிழ் வம்சாவளித் தற்காப்பு ஆட்டக்காரர்கள் பலர் வந்தனர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் விளையாடிய மலேசிய அணியின் தலைவர் எம். சந்திரன் அவர்களில் முக்கியமானவர். அந்த ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை 3–0 என்று வென்றது. மேற்கு ஜெர்மனியிடமும் மொராக்கோவிடமும் தோற்றது. சிங்கப்பூருக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் விளையாடிய எஸ். சுப்பிரமணி மற்றொருவர். சசிகுமார் இந்த வரிசையில் வருபவர்.

1990-களில் சிங்கப்பூர்க் கால்பந்து

1994-ல் சிங்கப்பூர் அணி மலேசிய லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் வென்றது. கிண்ண இறுதி ஆட்டத்தில் பஹாங் அணியை 4–0 என்று தோற்கடித்தது. அத்துடன் மலேசியப் போட்டிகளிலிருந்து சிங்கப்பூர் விலகியது. நுழைவுச்சீட்டு வருமானப் பங்கீடு குறித்து இரு கால்பந்துச் சங்கங்களுக்கும் இடையே எழுந்த பிணக்கு இதற்கு ஒரு காரணம். ஆட்ட முடிவுகளைப் பணத்துக்காக முன்கூட்டியே நிர்ணயிக்கும் சூதாட்டமும் அக்காலத்தில் இரு நாட்டுக் கால்பந்தையும் அரித்துக்கொண்டிருந்தது.

1996-ல் எட்டு அணிகளுடன் எஸ்.லீக் என்னும் சொந்தத் தொழில்முறை லீக்கைச் சிங்கப்பூர் தொடங்கியது. அதே ஆண்டில் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான முதல் டைகர் கிண்ணப் போட்டி சிங்கப்பூரிலேயே நடந்தது. சொந்த மண்ணில் ஆடிய சிங்கப்பூர் குழுச் சுற்றைத் தாண்டவில்லை. தாய்லாந்து இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 1–0 என்று வென்று கிண்ணத்தைப் பெற்றது.

இரண்டு ஆண்டுகள் கழித்து இரண்டாவது டைகர் கிண்ணத்துக்காகச் சிங்கப்பூர் வியட்நாம் சென்றபோது, அந்த அணி பட்டம் வெல்லும் என்று எதிர்பார்த்தவர்கள் மிகச் சிலரே. பயிற்றுநர் இங்கிலாந்தைச் சேர்ந்த பாரி விட்பிரெட். அணித்தலைவர் நஸ்ரி நசீர். தற்காப்பு வரிசையில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சசிகுமாரும் இடம்பெற்றார்.

1998: குழுச் சுற்று

எட்டு நாடுகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஹனோயில் ஆடிய முதல் குழுவில் வியட்நாம், சிங்கப்பூர், மலேசியா, லாவோஸ் ஆகியவை இருந்தன. சிங்கப்பூர் மலேசியாவை 2–0 என்றும், லாவோசை 4–1 என்றும் வென்றது. வியட்நாம் லாவோசை 4–1 என்றும், மலேசியாவை 1–0 என்றும் வென்றது. இரண்டும் மோதிய ஆட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது.

இரு அணிகளும் தலா 7 புள்ளிகள் பெற்றதால் கோல் வித்தியாசம் கணக்கிடப்பட்டது. சிங்கப்பூர் 6 கோல் அடித்து 1 கோல் விட்டிருந்தது. வியட்நாம் 5 கோல் அடித்து 1 கோல் விட்டிருந்தது. ஒரே ஒரு கோல் வேறுபாட்டில் சிங்கப்பூர் குழுவில் முதலிடம் பெற்றது.

போட்டி அமைப்பின்படி, குழுவில் முதலிடம் பெற்ற சிங்கப்பூர் அரையிறுதிக்காக ஹனோயை விட்டு ஹோ சி மின் நகரத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. இரண்டாமிடம் பெற்ற வியட்நாம் ஹனோயில் தன் ரசிகர்கள் முன்னிலையிலேயே ஆடும். இந்த ஏற்பாடு அடுத்த நாள் பெரும் தலைகுனிவு ஒன்றுக்கு வழிவகுத்தது.

ஒருவரும் வெல்ல விரும்பாத ஆட்டம்

ஹோ சி மின் நகரத்தில் நடந்த இரண்டாவது குழுவின் கடைசி ஆட்டத்தில் ஆகஸ்ட் 31 அன்று தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மோதின. இரண்டும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டன. வெல்லும் அணி ஹனோய் சென்று வியட்நாமை எதிர்கொள்ள வேண்டும். தோற்கும் அணி அங்கேயே தங்கிச் சிங்கப்பூரைச் சந்திக்கலாம். சிங்கப்பூரே எளிய எதிரணி என்று இரு தரப்பும் கருதின.

ஆட்டம் 2–2 என்ற நிலையில் இருந்தபோது, இறுதி நேரத்தில் இந்தோனேசியத் தற்காப்பு ஆட்டக்காரர் முர்சித் எஃபெண்டி வேண்டுமென்றே தன் அணியின் கோலுக்குள்ளேயே பந்தை உதைத்தார். தாய்லாந்து 3–2 என்று வென்றது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இரு நாடுகளுக்கும் தலா 40,000 டாலர் அபராதம் விதித்தது. எஃபெண்டி அனைத்துலக ஆட்டங்களில் வாழ்நாள் முழுவதும் விளையாடத் தடை விதிக்கப்பட்டது.

இத்தனை பாடுபட்டு இந்தோனேசியா தேடிக்கொண்ட ‘எளிய’ எதிரணி அரையிறுதியில் அதனை 2–1 என்று வென்றது. ஹனோயில் வியட்நாம் 3–0 என்று தாய்லாந்தை வீழ்த்தியது. குழுச் சுற்றில் கோலின்றிப் பிரிந்த இரு அணிகளும் இறுதி ஆட்டத்தில் மீண்டும் சந்தித்தன.

இறுதி ஆட்டமும் அந்தக் கோலும்

இறுதி ஆட்டம் ஹனோயின் ஹாங் டே அரங்கத்தில் நடைபெற்றது. ஆஸ்திரியரான ஆல்ஃபிரட் ரீடல் பயிற்றுவித்த வியட்நாம் அணி வெல்லும் என்பதே பரவலான கணிப்பு. அரங்கம் நிரம்பியிருந்தது. போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான நுயென் ஹோங் சன் வியட்நாமின் தாக்குதலை வழிநடத்தினார்.

வியட்நாம் தொடர்ந்து தாக்கியது. சிங்கப்பூர் தன் கோலைக் காப்பதையே முதல் வேலையாகக் கொண்டது. இரண்டாம் பாதியில் வியட்நாமின் கோல் முன்னே உயரமாக வந்த பந்தை நோக்கிச் சசிகுமார் எழும்பினார். உயரமான நடுத் தற்காப்பு ஆட்டக்காரர்கள் இத்தகைய தருணங்களில் முன்னே சென்று தலையால் முட்ட முயல்வது கால்பந்தில் வழக்கம். பந்து அவர் தலைக்குச் சிக்காமல் தோளில் பட்டுத் திசைமாறிக் கோலுக்குள் சென்றது. சிங்கப்பூர் 1–0 என்று முன்னிலை பெற்றது.

தோளில் பட்ட பந்து விதிமீறல் ஆகாது. கையால் பந்தைத் தொடுவதே குற்றம். தோள் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்பதை 2020-ல் கால்பந்து விதிகள் தெளிவாக வரையறுத்தன. அதன்படி அக்குளின் கீழ்விளிம்பு வரை உள்ள பகுதி தோளாகக் கருதப்படும். சசிகுமாரின் கோல் அன்றைய விதிப்படியும் இன்றைய விதிப்படியும் செல்லுபடியாகும். மாரடோனாவின் கோலுடன் அதனை ஒப்பிடுவது வேடிக்கைக்காக மட்டுமே. மாரடோனா பந்தைக் கையால் தட்டினார், சசிகுமார் எந்த விதியையும் மீறவில்லை.

கோல் விழுந்த பிறகும் ஆட்டம் முடியவில்லை. பந்து மீண்டும் மீண்டும் சிங்கப்பூரின் பெனால்டி எல்லைக்குள் வந்தது. கோல் அடித்த அதே சசிகுமார் மீண்டும் தன் இடத்துக்குத் திரும்பித் தடுக்கும் வேலையைத் தொடர்ந்தார். நடுவர் இறுதி விசில் ஊதும்வரை வியட்நாமால் கோல் அடிக்க முடியவில்லை.

எண்கள் கூறுவது

இந்தப் போட்டியில் சிங்கப்பூர் ஐந்து ஆட்டங்களில் 9 கோல் அடித்தது. 2 கோல் மட்டுமே விட்டது. வியட்நாம் ஐந்து ஆட்டங்களில் 8 கோல் அடித்தது. அதுவும் 2 கோல் மட்டுமே விட்டது. இரு அணிகளும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடிய இரண்டு ஆட்டங்களில், அதாவது 180 நிமிடங்களில், விழுந்த மொத்தக் கோல் ஒன்று. அதுவே சசிகுமாரின் கோல்.

மேலும், மற்ற மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து 8 கோல் அடித்த வியட்நாம், சிங்கப்பூருக்கு எதிராக இரண்டு முறையும் ஒரு கோலும் அடிக்கவில்லை. கோல் தோளில் பட்டுச் சென்றது தற்செயல் எனலாம். ஆனால் சொந்த அரங்கில், சொந்த ரசிகர்கள் முன்னிலையில் ஆடிய வலுவான அணியை 180 நிமிடங்கள் கோல் இல்லாமல் நிறுத்தியது தற்செயல் அன்று. சிங்கப்பூர் ஒரு கோல் விட்டிருந்தாலும், சசிகுமாரின் தோள் அன்றைய ஆட்டத்தில் ஒரு சமநிலைக் கணக்காக மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும்.

பிந்தைய ஆண்டுகள்

இந்த வெற்றி கிடைத்த அதே 1998-ல், 2010 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுவதைச் சிங்கப்பூர் தன் தேசிய இலக்காக அறிவித்தது. அந்த இலக்கு நிறைவேறவில்லை. 2000-ஆம் ஆண்டு டைகர் கிண்ணத்தில் சிங்கப்பூர் குழுச் சுற்றோடு வெளியேறியது. 2002-ல் சொந்த மண்ணில் மலேசியாவிடம் 0–4 என்று தோற்று மீண்டும் குழுச் சுற்றிலேயே வீழ்ந்தது.

2003-ல் பொறுப்பேற்ற ராடோய்கோ அவ்ராமோவிச் அணியைப் புதிதாகக் கட்டினார். டேனியல் பென்னட், அகு காஸ்மிர், இடிமி டிக்சன் போன்ற வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்ற ஆட்டக்காரர்களும் சேர்க்கப்பட்டனர். 2004 டைகர் கிண்ண இறுதியில் இரு சுற்றுகளிலும் சேர்த்து 5–2 என்று இந்தோனேசியாவை வென்று சிங்கப்பூர் மீண்டும் பட்டம் பெற்றது. 2007-லும் 2012-லும் அதே போட்டியை, மாறிய பெயர்களில், மறுபடியும் வென்றது.

தோல்வியடைந்த வியட்நாம் தன் முதல் பட்டத்துக்காக மேலும் பத்து ஆண்டுகள் காத்திருந்தது. 2008 அரையிறுதியில் சிங்கப்பூரை இரு சுற்றுகளிலும் சேர்த்து 1–0 என்று வென்ற வியட்நாம், இறுதியில் தாய்லாந்தைத் தோற்கடித்துக் கிண்ணத்தைப் பெற்றது. இம்முறையும் சிங்கப்பூருக்கும் வியட்நாமுக்கும் இடையே 180 நிமிடங்களில் விழுந்தது ஒரே ஒரு கோல்தான்.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற சசிகுமார் ரெட் கார்டு என்னும் விளையாட்டு வணிக நிறுவனத்தைத் தொடங்கி நடத்தினார். ஓய்வுக்குப் பின் பயிற்றுநர் ஆவதே பெரும்பாலான ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுக்கும் வழியாக இருந்த இப்பகுதியில், விளையாட்டின் வணிகப் பக்கத்துக்குச் சென்றவர்களில் அவரும் ஒருவர்.

மதிப்பீடு

சிங்கப்பூர் பின்னர் வென்ற மூன்று பட்டங்களும் அனுபவம் மிக்க, குடியுரிமை பெற்ற ஆட்டக்காரர்களால் வலுவூட்டப்பட்ட அணிகள் பெற்றவை. 1998-ன் வெற்றிக்கு அத்தகைய துணை இல்லை. மலேசியப் போட்டிகளிலிருந்து விலகி, தொடங்கி மூன்றாம் ஆண்டிலேயே இருந்த ஒரு லீக்கிலிருந்து வந்த அணி அது. எதிரணிகள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் அளவுக்குக் குறைவாக மதிக்கப்பட்ட அணியும் அதுவே. அத்தகைய அணி பெரிய அணிகளை வெல்வதற்குக் கால்பந்தில் உள்ள பழைய வழி, கோல் விடாமல் பொறுத்திருந்து, கிடைக்கும் ஒரு வாய்ப்பைப் பயன்படுத்துவது. சிங்கப்பூர் ஹனோயில் செய்தது இதைத்தான். அந்த ஒரு வாய்ப்பு வந்தபோது பந்தின் வழியில் நின்றவர் ஒரு முன்கள ஆட்டக்காரர் அல்லர், தமிழ் வம்சாவளித் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர். அதனால்தான் சிங்கப்பூர்க் கால்பந்து வரலாற்றில் அவர் பெயர் முன்கள வீரர்களின் பெயர்களுக்கு இணையாக இடம்பெறுகிறது.